தமயந்தி பாகம்

சாப்பாடு நன்றாக அமைந்துவிட்டால் நாம் என்ன சொல்லுகிறோம்? "நளபாகம்!" என்கிறோம். இன்னும் கொஞ்சம் தாராளமான மனசு உள்ளவர்கள், "பீமபாகம்!" என்றும் சொல்வதுண்டு. அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவள் பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாளாகவே இருப்பாள். அவளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தவள் அவளுடைய தாயாகவோ மாமியாராகவோ இருப்பாள். ஆனாலும் புகழ் என்னவோ நிடத நாட்டு அரசனுக்கும் பாண்டவர்களில் இரண்டாமவனுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "தமயந்தி பாகம்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திரௌபதியிடம் அட்சய பாத்திரம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அங்கேயும் பெயர் பாத்திரத்துக்குத்தான், பரிமாறியவளுக்கு இல்லை.

இது ஏன் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். நளன் எங்கே சமைத்தான்? சொந்த வீட்டிலா? இல்லை. வாகுகன் என்று பெயரை மாற்றிக் கொண்டு, இருதுபன்னன் என்ற வேற்றரசனிடம் வேலைக்கு அமர்ந்து சமைத்தான். பீமனும் அப்படித்தான். விராட ராஜனுடைய மடைப்பள்ளியில் உத்தியோகம் பார்த்தான். இரண்டு பேரும் பிறத்தியார் வீட்டில், சம்பளத்துக்குச் சமைத்தவர்கள். சொந்த வீட்டு அடுப்பில் எத்தனை காலம் வெந்தாலும் வராத பேர், அன்னியர் வீட்டு அடுப்பில் ஒரு வருஷம் நின்றதும் வந்துவிட்டது.

சமையல், தையல் முதலான வீட்டுக் கலைகளைப் பெண்கள் எங்கே, யாரிடம் கற்றார்கள் என்ற சரித்திரத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தால் இதே கணக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வேலை ஒன்றுதான். அதை வீட்டில் கற்று வீட்டில் செய்தால் அது கடமை. வெளியே கற்று வெளியே செய்தால் அது தொழில். கடமைக்குக் கூலி கிடையாது. கடந்த 200 வருஷங்களாக நம் பெண்கள் இந்தக் கடமையை மெல்ல மெல்லத் தொழிலாக்க முயன்று வந்திருக்கிறார்கள். ராஜாக்களின் யுத்தங்களைப் போல இது பாடப் புத்தகங்களில் இடம் பெறவில்லை. ஆனால் இதிலும் கலகம் உண்டு, அடிதடி உண்டு, விடுதலை உண்டு.

முதலில் வீட்டுப் படிப்பைப் பார்ப்போம். அதற்குப் பள்ளிக்கூடம் இல்லை, மணி அடிப்பதில்லை, பரீட்சை மட்டும் தினம் மூன்று வேளையும் உண்டு. உப்பு எவ்வளவு என்று கேட்டால், "கைக்கு வந்த அளவு" என்பார்கள். புளி எவ்வளவு? "ஒரு எலுமிச்சங்காய் அளவு." பக்குவம் எப்போது? "வாசனை வரும்போது." மூக்கும் நாக்கும் கண்ணும்தான் பாடப் புத்தகங்கள். திட்டு வாங்கி வாங்கித்தான் தேர்ச்சி. பதினைந்து வயதில் ஒரு பெண் நூறு பேர் பந்திக்குக் குழம்பு கூட்டத் தெரிந்தவளாக இருப்பாள். ஆனால் அவளைப் பற்றி, "படிக்கவில்லை, வீட்டில் சும்மாத்தான் இருக்கிறாள்" என்று சொல்லிக் கொண்டிருப்போம். அதே நூறு பேர் பந்தியைக் கல்யாண வீட்டில் சமைக்க வரும் தவசிப்பிள்ளைக்கோ வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து வரவேற்போம்.

தையலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அது இன்னும் வேடிக்கை. தமிழில் தையல் என்றாலே பெண் என்று ஒரு பொருள் உண்டு. ஆனால் ஊசி நூல் விஷயத்தில் தையற்காரர் என்று நம் ஊரில் பெயர் பெற்றவர் ஆண்பிள்ளைதான். சிலப்பதிகாரம் காவிரிப்பூம்பட்டினத்துத் தொழிலாளர்களைச் சொல்லும் இடத்தில் துன்னகாரர் என்று தையற்காரரையும் சொல்லுகிறது. அவர்களுக்குத் தெருவே உண்டு. மதுரையில் அந்தத் தெரு ஒரு மண்டபமாகவே இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே கட்டிய புதுமண்டபத்தைத்தான் சொல்லுகிறேன். நாயக்கர் காலத்துச் சிற்பங்களின் காலடியில் வரிசையாகத் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடிக் கொண்டிருந்ததை நான் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். சித்திரைத் திருவிழா நெருங்கும்போது அழகருக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்புகள் அங்கேதான் தைக்கப்படும். சமீப வருஷங்களில் மண்டபத்தைப் பழுது பார்ப்பதற்காக அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மிஷினில் உட்கார்ந்திருப்பவர் 'மாஸ்டர்'. அவரிடம் காஜா எடுத்துப் பழகும் பையன் வருங்கால மாஸ்டர். அந்த வரிசையில் பெண் முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது ஆகிய வேலைகள் பெண்களுக்கு உண்டு. அவை வீட்டுக்குப் போய், உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்காகித் திரும்பி வரும்.

மதுரையின் பேர்போன சுங்குடிப் புடவையின் கதையும் இதுவே. சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து, துணியைச் சிறு சிறு புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிவார்கள். சாயத்தில் தோய்த்து முடிச்சை அவிழ்த்தால் புள்ளிகள் நட்சத்திரம்போல் நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பெண் குழந்தை தாயின் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுப்போல் கற்றுக் கொள்வாள். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் இந்தப் புள்ளி போடுவதற்கு அச்சும் மெழுகும் வந்த பிறகு, கைமுடிச்சுக்காரிகள் குறைந்து போனார்கள். "வேலையெல்லாம் முடித்துச் சும்மா இருக்கும் நேரத்தில் கட்டுவது" என்ற எண்ணம் இருந்த வரையில் அதற்கு நல்ல கூலி எப்படி ஏறும்? வீட்டுக்குள் நடக்கும் வேலைக்கு வெளியே விலை பேசும் சாமர்த்தியம் யாரிடம் இருந்ததோ, லாபமும் அவரிடம் இருந்தது.

அப்படியானால், ஊசி நூல் ஒரு பெண்ணின் கையில் சொந்தக் காசாக மாறியது எங்கே? அதைத் தேடினால் மதுரையிலிருந்து தெற்கே சுமார் 240 கிலோமீட்டர் தூரம், நாகர்கோவிலுக்குப் போக வேண்டும்.

அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் அடிமை முறை சட்டப்படியே நடந்து வந்தது. 1819-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் அங்கே வந்தார்கள். மார்த்தா அம்மாள் பெண் குழந்தைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்தினார். 1820-களின் தொடக்கத்தில் அந்தப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். ஒரு திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அந்த வேலை. கண் நோகும், முதுகு நோகும். ஆனால் வெள்ளைக்காரச் சீமாட்டிகளிடம் அதற்கு நல்ல விலை இருந்தது. பள்ளியிலிருந்த பெண்களில் சிலர் அடிமைகள். அவர்கள் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக் கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-இல். அதற்கு முன்பே சில பெண்கள் சட்டத்துக்காகக் காத்திராமல் ஊசிமுனையால் தங்கள் கட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

இதே ஊரில்தான் இன்னொரு கலகமும் நடந்தது. நாடார் முதலிய சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். மிஷன் பள்ளிப் பெண்களுக்குக் குப்பாயம் என்ற தொளதொளத்த சட்டை தைத்துப் போட்டார்கள். ஒரு சட்டை என்ன செய்யும் என்கிறீர்களா? கடைவீதியில் பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன. கோயில்களும் பள்ளிகளும் தீப்பட்டன. 1829-இல் சர்க்கார், குப்பாயம் போடலாம், உயர்ந்த சாதியார்போல் தோள்சீலை போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. கலகம் ஓயவில்லை. 1858-இல் மறுபடியும் மூண்டு, 1859 ஜூலையில் மகாராஜா உத்திரம் திருநாள் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் செய்த பிறகே ஓரளவு அடங்கியது. அந்தப் பிரகடனத்திலும் உயர்ந்த சாதியாரைப்போல் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஒரு பெண்ணுக்குச் சட்டை தைக்கத் தெரிவது இவ்வளவு பெரிய ராஜாங்க விஷயமாக இருந்திருக்கிறது!

மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் படிக்காதவர்கள்கூட அதன் பெயரைக் கேட்டிருப்பார்கள். அவர் மனைவி அந்தத் தேரிக்காட்டுக் கிராமத்தில் பெண்களுக்கு லேஸ் கற்றுக் கொடுத்ததைக் கேட்டிருப்பவர்கள் குறைவு. இலக்கணம் அலமாரியில் இருக்கிறது. லேஸ் காசு எத்தனையோ வீடுகளில் அரிசியாக மாறிக் கரைந்துவிட்டது.

மதுரைக்கு இந்தப் படிப்பு வந்த வழி வேறு. அது யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்தது. அங்கே உடுவில் என்ற ஊரில் 1824-இல் ஹாரியட் வின்ஸ்லோ என்ற அமெரிக்க அம்மாள் பெண்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி ஆரம்பித்தார். இவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோதான் 1862-இல் வெளிவந்த பெரிய தமிழ் - ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். கணவருக்கு அகராதி, மனைவிக்குப் பெண் பள்ளி. கால்டுவெல் வீட்டுக் கதையேதான்! பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று பெற்றோர் தயங்கினார்கள். தையலும் வீட்டு நிர்வாகமும் கற்றுத் தருகிறோம் என்றால் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் மிஷனே சீதனமும் கொடுக்கும் என்றதும் இன்னும் கொஞ்சம் இறங்கினார்கள். ஊசி முன்னே போயிற்று; அதன் காதில் கோத்த நூல்போல எழுத்து பின்னே போயிற்று.

இந்த அமெரிக்க மிஷன்தான் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு ஆட்களை அனுப்பியது. இங்கேயும் பெண் பள்ளிகள் ஏற்பட்டன. இங்கேயும் எழுத்தும் ஊசியும் சேர்ந்தே வந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து வளர்ந்த கேப்ரன் ஹால் பெண்கள் பள்ளி இன்றும் மதுரையில் இருக்கிறது. கணவர் மறைந்த பின்பும் மதுரையில் தங்கி வேலை செய்த சேரா கேப்ரன் அம்மாளின் பெயர் அதற்கு. அந்தப் பள்ளியை நடத்திய கேட்டி வில்காக்ஸ்தான் 1948-இல் மதுரையின் முதல் பெண்கள் கல்லூரியான லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். லேடி டோக் யார்? மதுரை மில்ஸை நடத்திய சர் ஜேம்ஸ் டோக் அவர்களின் மனைவி. ஹார்வி சகோதரர்கள் 1892-இல் ஏற்படுத்திய மில் அது. நூல் நூற்ற ஆலையின் செல்வத்தில் ஒரு பங்கு, பெண்கள் கல்லூரியாக நின்றது என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டாகிறது.

மிஷன்காரர்களைத் தேவர்களாக்க வேண்டியதில்லை. உபதேசியாருக்கு நல்ல மனைவி வேண்டும், அவள் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கணவன் சட்டையைத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். பெண்ணை வீட்டுக்குள் இன்னும் நன்றாகப் பொருத்தி வைக்கவே அந்தக் கல்வியைக் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவர் நோக்கம் ஒன்று, வாங்கியவள் கண்ட பலன் வேறொன்று. தையல் வகுப்புக்குப் போனவள் வாத்தியாரம்மாள் ஆனாள். பிறகு நர்ஸ் ஆனாள், டாக்டர் ஆனாள்.

சமையல் இப்படி வெளியே வருவதற்கு மேலும் வெகுகாலம் ஆயிற்று. காரணம், ஊசி புதுசு, அடுப்பு பழசு. கூட்டுக் குடும்பத்தில் மாமியார் இருக்கும்போது புத்தகம் எதற்கு? கல்யாணம் ஆன கையோடு பெண்கள் டில்லிக்கும் பம்பாய்க்கும் தனிக் குடித்தனம் போக ஆரம்பித்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கடிதம் எழுதிக் கேட்டால் பதில் வருவதற்குள் குழம்பு ஆறிவிடும்.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1905-இல் பிறந்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவினர் வீட்டுப் பெண்களெல்லாம் அவரிடம் சமையல் குறிப்புக் கேட்டுக் கொண்டிருந்தார்கள். அவருடைய மாமா, வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர், "இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதிவிடேன்" என்று யோசனை சொன்னார். மீனாட்சி அம்மாள் எழுதினார். அச்சுச் செலவுக்குத் தம் தங்க வளையல்களைக் கொடுத்தார் என்று சொல்லுகிறார்கள். 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது. பிறகு இரண்டு பாகங்கள் சேர்ந்தன. 1962-இல் அவர் காலமானார். புத்தகம் காலமாகவில்லை. கல்யாணப் பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் அது கப்பலேறிற்று, விமானமும் ஏறிற்று.

அந்தப் புத்தகம் செய்த பெரிய காரியம் ருசி அல்ல, அளவு. "கைக்கு வந்தது" என்பதை ஆழாக்கு, கரண்டி என்று ஆக்கிவிட்டார். கை மாறினாலும் அளவு மாறாது. கைப்பக்குவம் என்று சொல்லிக் கொண்டிருந்த வரையில் அது ஒரு குணம், ஒரு ராசி. அளவு என்று எழுதிய பிறகு அது சாஸ்திரம். சாஸ்திரம் என்றால் அதற்கு ஆசிரியர் உண்டு, விலை உண்டு, பதிப்பு உண்டு. விதவை என்று சமையலறை மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்ட எத்தனையோ பெண்கள் அந்தக் காலத்தில் ஊருக்கெல்லாம் பட்சணம் செய்து கொடுத்து, இரவல் நாழியில் அரிசி வாங்கிக் காலம் தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் தம் பெயரை அட்டையில் அச்சடித்துக் கொண்டார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அது ஒரு சாதியின், மரக்கறிச் சமையல். மதுரையின் சமையல் அதில் அடங்காது. நாட்டுக்கோழிக் குழம்பையும், அயிரை மீனையும், கம்பங்களியையும் சமைத்த கைகள் அளவு எழுதி வைக்க அப்போது முன்வரவில்லை. எழுதச் சொல்ல அவர்களுக்கு வழக்கறிஞர் மாமாவும் இல்லை. அவர்கள் வேறு வழி கண்டார்கள். வாசலில் அடுப்பை வைத்து, இட்லியும் ஆப்பமும் பணியாரமும் விற்றார்கள். மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர் வந்ததில் அந்த இட்லிக்கார அம்மாள்களுக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

ஒரு பெண் இந்தக் கதையை வேறு திசையில் கொண்டு போனார். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். பெரிய வீட்டுப் பெண். சிறு வயதில் கல்யாணம். இளமையிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மிஞ்சுவது வீட்டுப் பின்கட்டுத்தான். சௌந்தரம் பின்கட்டுக்குப் போகவில்லை, டில்லிக்குப் போனார். லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-இல் டாக்டரானார். 1940-இல் காந்திஜியின் ஆசியுடன் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்து கொண்டார். 1944-இல் சிறைக்காவலில் கஸ்தூரிபா இறந்த பின் கிராமத்துப் பெண்களுக்காகத் திரட்டிய நினைவு நிதியின் வேலை தமிழ்நாட்டில் அவரிடம் வந்தது. 1947-இல் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் தம்பதி இருவரும் காந்திகிராமத்தை ஏற்படுத்தினார்கள்.

அங்கே என்ன கற்றுக் கொடுத்தார்கள்? குழந்தை வளர்ப்பது, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக் கொள்வது, சுத்தமாகச் சமைப்பது, நூல் நூற்பது. "இதெல்லாம் பெண்ணுக்குத் தானாகவே தெரியாதா? இதற்கு ஒரு பயிற்சியா?" என்று யாருக்கும் தோன்றும். அதுதான் சூட்சுமம். தானாகத் தெரியும் என்று சொல்லும் வரையில் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். பயிற்சி என்று சொன்னால் சான்றிதழ் வரும்; சான்றிதழ் வந்தால் சேவிகா என்று ஒரு பதவி வரும்; பதவி வந்தால் மாசம் பிறந்தால் சம்பளம் வரும். கணவனை இழந்தவள், கைவிடப்பட்டவள், வேறு போக்கிடம் இல்லாதவள் இப்படித் தன் காலில் நின்றாள்.

கல்லூரிகளும் இதைக் கண்டுகொண்டன. டில்லியில் 1932-இல் அகில இந்திய மாதர் மாநாட்டார் லேடி இர்வின் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். 1957-இல் கோயம்புத்தூரில் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அதை வளர்த்தவர் ராஜம்மாள் தேவதாஸ். இவர் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். "சமையல் செய்ய ஒரு பட்டமா?" என்று பரிகாசம் செய்தவர்கள் அநேகர். ராஜம்மாளோ, கீரையில் என்ன சத்து, கேழ்வரகில் என்ன சத்து, பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தார். 1988-இல் அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் துணைவேந்தராக ராஜம்மாள் இருந்தார். அடுப்படியிலிருந்து துணைவேந்தர் நாற்காலி வரை ஒரு வழி உண்டு என்று நிரூபணமாயிற்று.

பள்ளிக் குழந்தையின் சாப்பாடு என்றதும் நம் ராஜ்யத்தின் கதை ஞாபகம் வருகிறது. 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். அப்போது ஊர்தோறும் சமையலுக்கும் உதவிக்கும் பெண்கள் வேண்டியிருந்தார்கள். ஆதரவற்ற பெண்களுக்கும் விதவைகளுக்கும் முன்னுரிமை கிடைத்தது. ஒரே வருஷத்தில் சமையல் என்பது சர்க்கார் உத்தியோகமாகிவிட்டது. தையலும் அப்படியே. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் தையல் மிஷின் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் வந்தது. ஒரு காலத்தில் சீர்வரிசையில் பெண் வீட்டார் வைத்த அதே மிஷின், கணவன் போன பிறகு சர்க்கார் கையால் வந்தது! மதுரையிலேயே 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. கிராமங்களில் அந்த உப்புமாவையும் பொங்கலையும் கிண்டும் வேலை மகளிர் சுய உதவிக் குழுவினருடையது.

சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கூலி சரியாக வந்ததா? அதுதான் இல்லை. சத்துணவு ஊழியர்களுக்கு முறையான காலமுறை ஊதியம் இல்லாமல், சிறப்புக் காலமுறை ஊதியம் என்று தனியாக ஒரு தாழ்ந்த கணக்கு வைத்தார்கள். பல வருஷங்களாக அவர்கள் தெருவில் உட்கார்ந்து கேட்டு வந்தது இதைத்தான். நூறு குழந்தைகளுக்குச் சமைப்பவளுக்குக் கொடுப்பதில் ஏன் இத்தனை சிக்கனம்? "வீட்டில் செய்கிறதைத்தானே இங்கேயும் செய்கிறாள்" என்ற பழைய எண்ணம் சர்க்கார் கோப்புக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் சும்மா வாங்கிய வேலைக்கு வெளியே முழு விலை கொடுக்க மனசு வருவதில்லை.

அந்தச் சும்மா வேலை எவ்வளவு என்று தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2019-இல் கணக்கெடுத்தது. நாட்டில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட ஒரு பெண் அப்போது அதில் நாள் ஒன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிட்டாள். அந்த வேலையில் ஈடுபட்ட ஓர் ஆண் 97 நிமிஷம். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, அதற்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. தானம் என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது பெரிய மாறுதல்தான். ஆனாலும் கணக்கென்று வந்தால் கணக்குத்தான். 299 நிமிஷம் வீதம் 30 நாளைக்குச் சுமார் 150 மணி. 1000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்க்கும் குறைவு. ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் கூலிகூட இதற்குத் தோற்காது.

நளனுடைய ராஜ்யமோ இன்னும் நடந்து கொண்டுதான் இருக்கிறது. யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களை முதன்முதலில் எட்டிய தமிழ்ச் சேனல் எது தெரியுமா? புதுக்கோட்டைச் சீமையில் வயல்வெளியில் அடுப்பு மூட்டி ஒரு தாத்தாவும் பேரன்மாரும் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல். 2021-இல் எட்டினார்கள். நன்றாகவே சமைக்கிறார்கள்; அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. உண்மையில் அவர்களைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. இத்தனை காலமும் பெண்ணுக்கு எங்கே கற்றுக் கொடுப்பது, எப்படிச் சான்றிதழ் கொடுப்பது என்றே பார்த்து வந்திருக்கிறோம். பையனைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிகளிலும் பெண்ணுக்குத் தையல், பையனுக்குத் தச்சு என்றுதான் வெகுகாலம் பிரித்து வைத்தார்கள்.

பையனுக்கு வயலில் பிரியாணி கிண்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அன்றாடம் காலையில் வீட்டு அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்க்கத் தெரிய வேண்டும். அறுந்த பொத்தானைத் தானே தைத்துக் கொள்ளத் தெரிய வேண்டும். அந்த 97 நிமிஷம் 200 ஆகட்டும். கூலியில்லாமல் தானும் அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் அந்த வேலை எவ்வளவு என்று தெரியும். அப்படித் தெரிந்தவர்கள் சர்க்கார் ஆபீசில் சம்பள விகிதம் எழுத உட்காரும்போது, சத்துணவுக்கார அம்மாளின் கணக்கைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.